கார்டு பில்லில் மைனஸ் 5,408: பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் எடுத்து ஒன்றரை வருடம்

போன வருடம் மும்பை செம்பூரில் வீடு மாறினோம். தரகு, சாமான் ஏற்றிய லாரி, புது ப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் என்று எல்லாமே ஒரே கார்டில் ஏறியது. ஜூன் 12 ஸ்டேட்மென்ட்டில் பாக்கி 1,38,420 ரூபாய். அந்தக் கார்டின் வட்டி மாதம் 3.6 சதவீதம், அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. அதாவது மாதம் சுமார் 5,880 ரூபாய் சும்மா போகும். மினிமம் டியூ, அதாவது குறைந்தபட்சம் கட்டியே ஆகவேண்டிய தொகை, 6,921. அதை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் அசல் எந்தக் காலத்தில் கரையும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரவு தூக்கம் வரவில்லை.

அந்த நேரத்தில் இன்னொரு வங்கியின் கார்டில் பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் கிடைத்தது. பழைய கார்டின் பாக்கியை அவர்கள் அடைத்துவிடுவார்கள், நாம் அவர்களுக்குக் குறைந்த வட்டியில் தவணை கட்ட வேண்டும். 12 மாதத் தவணை, மாதம் 1.1 சதவீதம், ப்ராசஸிங் ஃபீஸ் 1 சதவீதம். எடுத்துக்கொண்டேன். அது சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் நடுவில் ஒரு குளறுபடி நடந்தது. அதற்கு முக்கால்வாசி காரணம் நான்தான்.

எவ்வளவு மாற்ற வேண்டும் என்று கேட்டபோது, "இடையில் கொஞ்சம் வட்டி ஏறியிருக்கும், எதற்கும் இருக்கட்டும்" என்று ரவுண்டாக 1,40,000 என்று போட்டேன். பணம் ஜூன் 28 அன்று பழைய கார்டுக்குப் போய்ச் சேர்ந்தது. நிம்மதியாக இருந்தேன். ஜூலை 1 காலையில் சேமிப்புக் கணக்கிலிருந்து 6,921 ரூபாய் போனதாக எஸ்எம்எஸ். மினிமம் டியூவுக்கு ஆட்டோ டெபிட் போட்டு வைத்திருந்ததை அடியோடு மறந்துவிட்டேன். சேமிப்புக் கணக்கு வேறு வங்கியில் இருப்பதால் அந்த உத்தரவு முன்கூட்டியே கிளம்பிவிட்டதாம், நடுவில் பாக்கி தீர்ந்தது அதற்குத் தெரியாது. ஆப்பைத் திறந்தால் மைனஸ் 8,501, அதாவது நான் கூடுதலாகக் கட்டி அந்த வங்கியிடம் நிற்கும் பணம்.

உடனே கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். எடுத்த பெண், "இப்போது கேட்காதீர்கள் சார், அடுத்த ஸ்டேட்மென்ட் வரட்டும்" என்றார். இழுத்தடிக்கிறார்கள் என்று எனக்குக் கோபம். ஜூலை 12 ஸ்டேட்மென்ட் வந்த பிறகுதான் அவர் சொன்னது எவ்வளவு சரி என்று புரிந்தது. ஜூன் 12 முதல் 28 வரை, 16 நாளைக்கான வட்டி 2,621, ஜிஎஸ்டி 472. ஆக 3,093 ரூபாயைக் கழித்துக்கொண்டு மைனஸ் 5,408 என்று காட்டியது. ஏற்கெனவே பாக்கி வைத்து வட்டி ஓடிக்கொண்டிருக்கும் கார்டில், பாக்கியை முழுதாகக் கட்டினாலும், முந்தின பில் தேதியிலிருந்து கட்டிய நாள் வரைக்கும் ஓடிய வட்டி அடுத்த பில்லில்தான் வரும். ஜூலை 2 அன்றே சண்டை போட்டு 8,501-ஐயும் திருப்பி வாங்கியிருந்தால், பத்தே நாளில் 3,093 ரூபாய்க்குப் புது பில் வந்திருக்கும். "அந்தக் கார்டு தீர்ந்தது" என்ற நினைப்பில் அதைப் பார்க்காமலே விட்டிருப்பேன். அப்புறம் லேட் ஃபீஸ், நம் கடன் நாணயத்தைக் காட்டும் சிபில் ஸ்கோரில் அடி. அவசரப்பட்டுக் கேட்காமல் ஒரு பில் சுற்று பொறுப்பதுதான் நான் கற்ற முதல் பாடம்.

ஜூலை 15 அன்று மறுபடி கூப்பிட்டேன். இந்த முறை வேறு ஒருவர். "யூஸ் கர் லீஜியே (செலவு செய்துகொள்ளுங்கள்) சார், லிமிட் கூடுதலாகத்தானே காட்டுகிறது" என்றார். இது எல்லா இடத்திலும் சொல்கிற பதில்தான். ஏதாவது வாங்கித் தீர்த்துவிட்டால் அவர்களுக்கு வேலை மிச்சம். ஆனால் எந்தக் கார்டிலிருந்து வெளியே வரவேண்டும் என்று நான் இவ்வளவு பாடுபட்டேனோ, அதையே எடுத்துத் தேய்க்கச் சொல்கிறார். அதோடு அந்த 5,408 ரூபாயில் ஒரு பகுதி, இரண்டாவது வங்கியில் மாதம் 1.1 சதவீதத்துக்குக் கடனாக வாங்கியது. இங்கே வட்டி கட்டி வாங்கிய பணம் அங்கே ஒரு பைசா வட்டியில்லாமல் படுத்திருக்கிறது. ஏடிஎம்மில் எடுக்கலாமா என்றால், மைனஸ் இருந்தாலும் கேஷ் அட்வான்ஸ் கட்டணம் உண்டு என்று கார்டு விதியில் போட்டிருந்தது.

வங்கிக் கணக்குக்குத்தான் வேண்டும் என்று அடித்துச் சொன்னதும் ஒரு கோரிக்கை எண் கொடுத்தார்கள். பத்து நாள் ஆயிற்று, ஒன்றும் வரவில்லை. எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சியிடம் புலம்பினேன். "என்ன தம்பி, நம்ம துட்ட அவன்கிட்ட குடுத்துட்டு நாமளே தேவுடு காக்கணுமா? எழுதிப் போடுங்க, வாயால சொன்னா எவனும் கேக்க மாட்டான்" என்றார். அவருக்கும் ஒரு கதை உண்டு. ஒரு கார்டில் சுமார் ஆயிரம் ரூபாய் மைனஸில் கிடந்ததாம். இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். வருடக் கட்டணம் 999, அதற்கு ஜிஎஸ்டி என்று வந்து மொத்தமும் அதில் போயிற்று. பில்லே பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் கட்டணம் விழுந்ததையே அவர் கவனிக்கவில்லை.

அன்று இரவே மின்னஞ்சல் எழுதினேன். நான்கு வரிதான். கோரிக்கை எண், கார்டின் கடைசி நான்கு இலக்கம், சேமிப்புக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி. கேன்சல் செய்த செக்கின் போட்டோவையும் இணைத்தேன். அப்புறம் ஒரு வரி: ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகளின்படி, கார்டில் நிற்கும் வரவை வங்கிக் கணக்குக்கு மாற்றும்படி வாடிக்கையாளர் கேட்டால் மூன்று வேலை நாளுக்குள் மாற்ற வேண்டும். ஃபோர்ட்டில் வேலை பார்ப்பதால் ரிசர்வ் வங்கிக் கட்டடத்தைத் தினமும் கடந்து போகிறவன் நான். அதன் விதி ஒன்றை எடுத்து நானே பயன்படுத்தியது அன்றுதான். மூன்றாவது வேலை நாள் மதியம் 5,408 கணக்கில் விழுந்தது. அந்தக் கடைசி வரியால் வந்ததா, தானாகவே வந்திருக்குமா, தெரியாது. ஆனால் இனி அந்த வரி இல்லாமல் எழுத மாட்டேன். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம், எனக்கு அது தேவைப்படவில்லை.

இதே விதியில் இன்னொன்றும் இருக்கிறது. பில் கட்டிய பிறகு கடை ரீஃபண்ட் மாதிரி ஒரு வரவு வந்து, அது 5,000 ரூபாய் அல்லது லிமிட்டில் 1 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டினால், அதைக் கார்டிலேயே வைத்துக்கொள்ள வங்கி நம்மிடம் சம்மதம் கேட்க வேண்டும். பதில் சொல்லாவிட்டால் நம் கணக்குக்கு அனுப்ப வேண்டும். நாமே கூடுதலாகக் கட்டியது தானாகத் திரும்பும் என்று இதைப் படித்துக் காத்திருக்காதீர்கள். கேட்டால்தான் வரும்.

ஆட்டோ டெபிட்டை முன்பே நிறுத்தியிருக்கலாமே என்று மனைவி கேட்டாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. டிரான்ஸ்ஃபர் பணம் எந்த நாள் சேரும் என்று யாரும் உறுதியாகச் சொல்வதில்லை. அது பத்து நாள் தாமதித்து, ஆட்டோ டெபிட்டும் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆவது? மைனஸ் பணம் எப்படியும் திரும்பி வரும், கட்டிய லேட் ஃபீஸ் திரும்பி வராது. ரவுண்டாக 1,40,000 போட்டதுதான் தப்பு. 1,38,420 என்றே போட்டு, மிச்ச வட்டியைக் கையிலிருந்து கட்டியிருக்க வேண்டும்.

டிரான்ஸ்ஃபர் எப்படி என்று கேட்டால், மாதத் தவணை 12,517. பன்னிரண்டு மாதமும் தவறாமல் கட்டினேன். வட்டி, அதன் ஜிஎஸ்டி, ப்ராசஸிங் ஃபீஸ் எல்லாம் சேர்த்துச் செலவு சுமார் 13,700. பழைய கார்டிலேயே வைத்து அதே பன்னிரண்டு மாதத்தில் அடைத்திருந்தால் ஏறத்தாழ 41,000 ஆகியிருக்கும். ஒரே குறை, மாற்றிய தொகை அந்த இரண்டாவது கார்டின் லிமிட்டை அடைத்துக்கொண்டது. தவணை கட்டக் கட்டத்தான் விடுபட்டது. எனக்கு அது நல்லதாகவே போயிற்று.

பழைய கார்டை டிசம்பரில் மூடினேன். நவம்பரில் அண்ணாச்சியின் வண்டியில் புனே போனபோது 1,700 ரூபாய்க்குப் பெட்ரோல் போட அதை ஒரே ஒரு தடவை தேய்த்திருந்தேன். பெட்ரோலுக்கான சர்சார்ஜ் (கூடுதல் கட்டணம்), அதன் ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து ஆப்பில் காட்டிய 1,720 ரூபாயை அப்போதே கட்டிவிட்டேன். அப்புறம் சர்சார்ஜ் 17 ரூபாய் தள்ளுபடியாகி வந்தது. மறுபடி மைனஸ். மூடச் சொன்னால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்பதும் அதே விதிகளில் உள்ளதுதான். ஐந்தாவது நாள் மூடிவிட்டார்கள். மாலையில் ஹார்பர் லைன் வண்டி குர்லாவைத் தாண்டும்போது போன் அதிர்ந்தது. நெஃப்ட் மூலம் 17 ரூபாய் வரவு. செம்பூரில் இறங்கி ஒரு கட்டிங் சாய் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.