கடைமடைக்கு வராத கிகாஹெர்ட்ஸ்: ஒரு லினக்ஸ் லேப்டாப்போடு எட்டு வருஷம்

மன்னார்குடியிலிருந்து பாமணி ஆற்றோரமாகப் போகிற சாலையில் எங்கள் கடை. போர்டில் ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் என்று இருக்கும். உள்ளே ஒரு பிரிண்டர், ஒரு ஸ்கேனர், 2017இல் செகண்ட் ஹேண்டாக வாங்கிய ஒரு லேப்டாப். இன்டெல் ஐ5 4210யு, இரண்டு கோர், 4 ஜிபி ரேம். வாங்கிய அன்றே லினக்ஸ் மின்ட் என்கிற இயங்குதளத்தைப் போட்டேன். ஊரில் பாதிப் பேர் வைரஸோடுதான் பென்டிரைவைக் கொண்டுவருகிறார்கள், அந்தத் தொல்லையிலிருந்து தப்பிக்க வேறு வழி தெரியவில்லை. எட்டு வருஷமாகச் சோறு போடுகிற பெட்டி அது.

பிரிண்டர் டிரைவர், தமிழ் எழுத்துரு, ஸ்கேனர் என்று நிறைய எழுதலாம்தான். ஆனால் லினக்ஸ் வைத்திருக்கிற நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றே ஒன்று: சிபியு வேகம் ஏறவே மாட்டேன் என்கிறது, என்ன செய்ய? நானே மூன்று தடவை அதில் மாட்டியிருக்கிறேன். மூன்று தடவையும் முதலில் திட்டியது கவர்னரை. மூன்று தடவையும் தப்பு அதன் மேல் இல்லை.

கவர்னர் என்றதும் கிண்டிப் பக்கம் போய்விடாதீர்கள். லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் சிபியுஃப்ரீக் என்று ஒரு பகுதி இருக்கிறது. வேலை கூடினால் சிப்பின் வேகத்தைக் கூட்டுவது, சும்மா இருக்கும்போது குறைப்பது அதன் பொறுப்பு. எப்போது எவ்வளவு என்று முடிவெடுப்பது கவர்னர். அந்த முடிவைச் சிப்பிடம் கொண்டுபோய்ச் சொல்வது டிரைவர். என் சிப்பில் கீழ் எல்லை 800 மெகாஹெர்ட்ஸ், அடிப்படை வேகம் 1.7 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் (அடிப்படையைத் தாண்டி ஓடும் முறை) ஒரு கோர் மட்டும் ஓடினால் 2.7, இரண்டும் ஓடினால் 2.4. சும்மா இருக்கும்போது 800 காட்டுவது நோயே இல்லை. அதைப் பார்த்துப் பயந்து ஓடிவருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, ஏதாவது கனமான வேலையைக் கொடுத்துவிட்டு அப்புறம் பாருங்கள் என்பதுதான்.

முதல் தடவை 2018 ஏப்ரல். காலையில் நன்றாக ஓடும், மதியம் இரண்டு மணிக்கு மேல் திணறும். இணையத்தில் தேடியதில், கவர்னர் பவர்சேவ் என்று இருந்தால் பர்ஃபார்மன்ஸுக்கு மாற்று என்று பத்துப் பேர் சொல்லியிருந்தார்கள். பார்த்தால் பவர்சேவ் என்றுதான் இருந்தது. கள்வனைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் மாற்றினேன். இன்னும் மோசமானது.

இந்தப் பெயர்க் குழப்பத்தில் விழாத ஆளே இல்லை. பழைய ஏசிபிஐ டிரைவரில் பவர்சேவ் என்றால் வேகத்தைக் கீழ் எல்லையிலேயே கட்டிப்போடுவது. ஆனால் இன்டெல்_பிஸ்டேட் என்கிற டிரைவர் ஆக்டிவ் முறையில், அதாவது முடிவையும் தானே எடுத்துக்கொண்டு, ஓடும்போது இருப்பதே இரண்டு கவர்னர்தான், பவர்சேவும் பர்ஃபார்மன்ஸும். அங்கே பவர்சேவ் வேலைக்குத் தகுந்தபடி ஏறி இறங்கும். பெயர் அதே, நடத்தை வேறு. கவர்னரைத் தொடுமுன் எந்த டிரைவர் என்று பார்க்க வேண்டும். டெர்மினலில் (கட்டளை அடிக்கிற ஜன்னல்) சிபியுபவர் ஃப்ரீக்வன்சி இன்ஃபோ என்று அடித்தால் முதல் சில வரிகளிலேயே அது வந்துவிடும்.

நிஜக் காரணம் கெர்னல் எழுதிவைக்கிற குறிப்புகளில், டிமெசேஜில், கிடந்தது: வெப்பம் வரம்பைத் தாண்டியது, கடிகாரம் குறைக்கப்பட்டது என்று வரிசையாக. சென்சார்ஸ் கட்டளை 97 டிகிரி காட்டியது. இந்தச் சிப்புக்கு 100 டிகிரி உச்சம், அதை நெருங்கினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பின்மூடியைக் கழற்றினேன். ஃபேனுக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவில் கம்பளித் துண்டு மாதிரி ஒன்று அடைத்திருந்தது. இழுத்தால் முழுசாக வந்தது. தூசி மட்டுமில்லை, நெல்லுச் சுணை. தை, மாசியில் கடைக்கு எதிரே தார் ரோட்டில்தான் நெல் காயப் போடுவார்கள், அறுவடை மெஷின் போனாலே புகை மாதிரி எழும். ஃபேன் எல்லாவற்றையும் உறிஞ்சி வைத்திருந்தது. சுத்தம் செய்து, காய்ந்து பொருக்காகிப்போன தெர்மல் பேஸ்டைச் சுரண்டிப் புதிதாக வைத்தேன். அதே மதிய வெயிலில் 74 டிகிரி. கை மட்டும் அன்று ராத்திரி முழுக்க அரித்தது. அன்றிலிருந்து பங்குனி பிறந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்கென்றே ஒதுக்கிவிடுகிறேன்.

இரண்டாவது தடவைதான் என்னைக் கிறுக்கனாக்கியது.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. எங்கள் பக்கம் தென்னை ஒன்று மிச்சமில்லை. எங்கள் தெருவுக்குக் கரண்ட் திரும்ப மூன்று வாரம் ஆனது. வந்த அன்றைக்கு வோல்டேஜ் எகிறி, சார்ஜர் புகைந்து போனது. கடையில் கூட்டமோ கூட்டம், நிவாரணத்துக்கு ஆதார் நகல், பாஸ்புக் நகல், மரம் விழுந்த போட்டோ என்று. அவசரத்துக்குக் கிடைத்த டூப்ளிகேட் சார்ஜர் ஒன்றை வாங்கி மாட்டினேன். லைட் எரிந்தது, லேப்டாப் ஓடியது, போதும் என்று இருந்துவிட்டேன்.

அன்று முதல் பெட்டி ஊர்ந்தது. ஒரு பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "என்னா தம்பி, ஒம் பொட்டி கடமடைக்குத் தண்ணி வர்ற மாரி வருது?"

வேலை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் 798 மெகாஹெர்ட்ஸ். ஒரு புள்ளி ஏறவில்லை, இறங்கவில்லை. பர்ஃபார்மன்ஸ் வைத்தேன், 798. உச்ச வேக வரம்பு இருக்கிற ஸ்கேலிங் மேக்ஸ் ஃப்ரீக் ஃபைலைத் திறந்தால் அதில் 2.7 கிகாஹெர்ட்ஸ் என்றே இருக்கிறது, ஆக கெர்னல் தடுக்கவில்லை. நோ டர்போ ஃபைலில் பூஜ்யம், டர்போவும் அணைக்கப்படவில்லை. பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடுவது) போடுகிற வரம்பைப் புறக்கணிக்கச் சொல்லும் இக்னோர் பிபிசி வரியை, லினக்ஸைத் தொடக்கிவைக்கும் க்ரப்பில் சேர்த்து ரீபூட் செய்தேன், 798. சுணையாக இருக்குமோ என்று சென்சார்ஸ் பார்த்தால் 46 டிகிரி. ஜில்லென்று இருக்கிறது.

நான்கு நாள் இப்படியே. ஐந்தாம் நாள் சாயங்காலம், ஒருவருடைய பத்திரத்தை ஸ்கேன் செய்து பிடிஎஃப்பாகச் சுருக்கிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. பிரிண்டர் செத்தது, ட்யூப் லைட் செத்தது. லேப்டாப் மட்டும் பேட்டரியில் உயிரோடு. சுருக்கும் வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும், அதுவரை நகராமல் நின்ற பச்சைப் பட்டை, நான் மெழுகுவர்த்தியைத் தேடி எடுப்பதற்குள் ஓடி முடிந்திருந்தது. முதலில் புரியவில்லை. வேகம் காட்டிக்கொண்டிருந்த டெர்மினலைப் பார்த்தேன், 2.4 கிகாஹெர்ட்ஸ். கரண்ட் வந்தது, 798. சார்ஜரைப் பிடுங்கினேன், 2.4. செருகினேன், 798. இருட்டில் நான் செருகிச் செருகிப் பிடுங்குவதைப் பார்த்துப் பத்திரக்காரர் பயந்துவிட்டார்.

சார்ஜர் முனையின் நடுவில் ஊசி மாதிரி ஒரு பின் இருக்கும். சில லேப்டாப்களில் அது மின்சாரம் கொண்டுபோவதற்கில்லை, நான் இத்தனை வாட் சார்ஜர் என்று தாய்ப்பலகைக்கு (மதர்போர்டு) அடையாளம் சொல்வதற்கு. டூப்ளிகேட்டுக்கு அந்த அடையாளம் இல்லை. இது தாங்காத சார்ஜராக இருக்கலாம் என்று தாய்ப்பலகை முடிவுகட்டி, பிடி ப்ரோக்ஹாட் என்கிற கம்பி வழியாகச் சிப்புக்கு, சூடாகிவிட்டது, அடங்கு என்று சைகை கொடுக்கிறது. சூடே இல்லை. ஆனால் சைகை வந்துவிட்டால் சிப் கேள்வி கேட்காது, கீழ் எல்லைக்குப் போய் உட்கார்ந்துவிடும். பாசனத் தண்ணீரைத் திறந்து மூடுகிற லஸ்கர் வாய்க்கால் தலைப்பில் ஷட்டரை இறக்கிவிட்டுப் போன பிறகு, நான் என் வயலில் மண்வெட்டியோடு நின்று மடையை அகலப்படுத்திக்கொண்டிருந்த கதைதான்.

சிப்பின் நிலையைக் காட்டும் டர்போஸ்டாட் கருவியை ரூட் (நிர்வாகி) உரிமையோடு ஓடவிட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். என் சிப் ரகத்தில் அது ஆரம்பிக்கும்போதே, வேகத்தை எது மடக்குகிறது என்று ஒரு வரி காட்டும். பிறகு ஓடவிட்டபோது அதில் ப்ரோக்ஹாட் என்று அப்பட்டமாக இருந்தது. அதைவிட வெட்கம் என்னவென்றால், நான்கு நாளும் காலையில் ஆன் செய்யும்போதெல்லாம் கருப்புத் திரையில் சார்ஜர் வகை தெரியவில்லை என்று ஒரு எச்சரிக்கை வந்தது. நான் படிக்காமலே எஃப்1 தட்டித் தாண்டிக்கொண்டிருந்தேன். பேட்டரி 41 சதவீதத்துக்கு மேல் ஏறவே இல்லை என்பதையும் கவனிக்கவில்லை. கூட்டம் அப்படி.

ஒரிஜினல் சார்ஜர் வர எட்டு நாள் ஆகும் என்றார்கள். அதுவரை ஒரு குறுக்கு வழி செய்தேன். சிப்பின் உள் பதிவேடுகளில் எழுத உதவும் எம்எஸ்ஆர் டூல்ஸ் நிறுவி, 1எஃப்சி என்கிற பதிவேட்டின் கடைசி பிட்டைப் பூஜ்யமாக்கினால் சிப் அந்தச் சைகையைக் காதில் வாங்காது. செக்யூர் பூட் என்கிற பாதுகாப்பு அமைப்பு ஆன் ஆகியிருந்தால் கெர்னலே எழுத விடாமல் தடுக்கலாம், எனக்கு அது ஆஃப். ரீபூட் ஆனால் திரும்பச் செய்ய வேண்டும், மூடித் திறந்தாலும் சில சமயம் போய்விடும். சிப்பின் சொந்த வெப்பப் பாதுகாப்பு இதனால் போகாது. ஆனால் வெளியிலிருந்து வருகிற எச்சரிக்கைகள் எல்லாம் போய்விடும், நிஜமாகவே பலமில்லாத சார்ஜராக இருந்தால் அது சூடேறி உருகும். நான் டர்போவை அணைத்துவிட்டு, சார்ஜரைச் சிமெண்டுத் தரையில் வைத்து, அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டே எட்டு நாள் ஓட்டினேன். வீட்டில் மெத்தை மேல் வைத்து ஓட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லவே மாட்டேன். ஒரிஜினல் வந்த நிமிஷம் எல்லாம் தானாகச் சரியானது, ஒரு கட்டளை தேவைப்படவில்லை.

மூன்றாவது, 2022இல் மின்ட் 21க்கு ஏறியபோது. கெர்னல் 5.15 ஆனது. பார்த்தால் டிரைவர் பெயர் இன்டெல்_சிபியுஃப்ரீக், கவர்னர் ஷெட்யூட்டில். அதே சமயம் ஃபயர்பாக்ஸில் தமிழ் தட்டும்போது எழுத்து ஒரு நொடி தள்ளி வந்தது. புதுக் கவர்னர்தான் என்று சத்தியமே செய்திருப்பேன். விஷயம் இதுதான்: 5.7 கெர்னலிலிருந்து, வேகத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் எச்டபிள்யூபி வசதி இல்லாத பழைய இன்டெல் சிப்களுக்கு இன்டெல்_பிஸ்டேட் டிரைவர் பாசிவ் முறையில்தான், அதாவது முடிவைப் பொதுக் கவர்னரிடம் விட்டுவிட்டு, தொடங்குகிறது; அப்போது அதன் பெயர்தான் இன்டெல்_சிபியுஃப்ரீக். க்ரப்பில் இன்டெல்_பிஸ்டேட் ஆக்டிவ் என்று போட்டால் பழையபடி வந்துவிடும். போட்டுப் பார்த்தேன். எழுத்து அப்போதும் தள்ளித்தான் வந்தது. கடைசியில் பார்த்தால் 4 ஜிபி ரேம் நிரம்பி, இடமில்லாததை ஹார்ட் டிஸ்க்கில் வைத்து எடுக்கும் ஸ்வாப் ஓடிக்கொண்டிருந்தது. எஸ்எஸ்டியும் இன்னொரு 4 ஜிபியும் போட்டேன், ஷெட்யூட்டிலையே விட்டுவிட்டேன். ஆக்டிவ், பாசிவ் இரண்டுக்கும் என் கடை வேலையில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

பேட்டரியை மிச்சப்படுத்த உதவும் டிஎல்பி பற்றி ஒரு வார்த்தை. நல்ல கருவி, ஆனால் அதையும் வைத்துக்கொண்டு பூட் ஸ்கிரிப்டிலும் கவர்னரை மாற்றாதீர்கள். கரண்ட் போய் வரும்போதெல்லாம் அது தன் அமைப்பைத் திரும்பப் போடும், எங்கள் ஊரில் அது ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று சொல்ல வேண்டியதில்லை. ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியில் இருக்கும்போது டர்போவை மட்டும் அணைத்து வைத்திருக்கிறேன், கரண்ட் இல்லாத சாயங்காலங்களில் அடங்கல், சிட்டா எடுக்க அது தாராளம். போன சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு கடைசி நாட்களில் காலை ஏழிலிருந்து ராத்திரி பத்து வரை ஓடியது, ஒரு தடவைகூடத் திணறவில்லை.

போன மாசம் கல்லூரிப் பையன் ஒருவன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணே, உபுண்டு போட்டதுலேர்ந்து ஸ்லோண்ணே, கவர்னர் மாத்தியும் பாத்துட்டேன்." லேப்டாப்பை நான் திறக்கவே இல்லை. சார்ஜரைக் கொண்டா என்றேன். வீட்டில் இருக்கிறது என்று போய் எடுத்துவந்தான். முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், நடுப் பின் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தது.