தம்பிக்கு ஸ்டெம் செல் போடலாம் என்று ஊருக்குப் போனேன்

இந்தத் தைக்கு நான் ஊருக்குப் போனது பொங்கலுக்காக அல்ல. நீடாமங்கலம் பக்கம், வெண்ணாற்றங்கரையில் எங்கள் ஊர். சித்தப்பா மகன் 2 வருஷத்துக்கு முன்னால் தென்னை மரத்திலிருந்து விழுந்தான். தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. சிங்கப்பூரில் நானும் துபாயில் அவன் மச்சானும் சேர்ந்து 8 லட்சம் ஒதுக்கி வைத்திருந்தோம், ஸ்டெம் செல் சிகிச்சைக்கென்று. வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்களை உடம்புக்குள் செலுத்துவது அது.

ஆசையைக் கிளப்பியது ஒரு வாட்ஸ்அப் வீடியோ. சக்கர நாற்காலியில் வந்தவர் எழுந்து நடக்கிறார், கீழே போன் நம்பர். அதே மருத்துவமனைக்காரர்கள் மன்னார்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆலோசனை முகாம் போட்டிருந்தார்கள். தம்பியை வேனில் படுக்கவைத்துக் கூட்டிப் போனோம்.

பக்கவாதம், ஆட்டிசக் குழந்தை, மூட்டுத் தேய்மானம், சர்க்கரை நோய் என்று எல்லோரும் ஒரே வரிசையில். எல்லோருக்கும் அதே சிகிச்சை. முதலில் எனக்கு உறுத்தியது அதுதான். இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்து, மெஷினில் சுழற்றிச் செல்களைப் பிரித்து, முதுகில் தண்டுவட நீருக்குள் செலுத்துவார்களாம். 3 தடவை, தடவைக்கு இரண்டரை லட்சம். வெளிநாட்டில் இருக்கிறேன் என்றதும், "டாலர்லயும் கட்டலாம் சார்" என்றார் அங்கிருந்தவர்.

"இதுக்கு ஆராய்ச்சிப் பதிவு எண் இருக்கா?" என்று கேட்டேன்.

"நாங்க பண்றது ஆராய்ச்சி இல்ல சார், ட்ரீட்மென்ட்."

அந்த ஒரு பதில் போதும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்களை விமானத்தில் படித்துக்கொண்டே வந்திருந்தேன். ரத்தப் புற்றுநோய், தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை போன்ற நோய்களுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்று மட்டும்தான் நிறுவப்பட்ட சிகிச்சை. வேலூர் சி.எம்.சி.யில் 1986-லிருந்தே அதைச் செய்கிறார்கள். மற்றதெல்லாம் பதிவு செய்த ஆராய்ச்சியாகத்தான் நடக்க வேண்டும், அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. பிற்பாடு ஒரு செல் மருந்துக்கு அனுமதி கிடைத்தது உண்மை. ஆனால் அது காலில் ரத்த ஓட்டம் அடைபடும் நோய்க்கும் மூட்டுத் தேய்மானத்துக்கும்தான். தண்டுவடத்துக்கு இல்லை.

தண்டுவட அடிக்கு ஜப்பானில் அனுமதித்துவிட்டார்கள் என்றும் முகாமில் சொன்னார்கள். 2018 கடைசியில் அங்கே நிபந்தனையோடு அனுமதி கொடுத்தது நிஜம். ஆனால் அடிபட்ட ஒரு மாதத்துக்குள் மஜ்ஜை எடுத்தாக வேண்டும். தம்பிக்கு 2 வருஷம் ஆகிவிட்டது. அதை அவர்கள் சொல்லவில்லை.

திரும்பும்போது வேனில் யாரும் பேசவில்லை. சித்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வயலையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

மறுநாள் தஞ்சாவூரில் ஒரு டாக்டரைப் பார்த்தோம். ஸ்கேனை வாங்குவதற்கு முன்னால் தம்பியை ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். வால் எலும்புக்கு மேலே ஒரு ரூபாய் அகலத்தில் படுக்கைப் புண், நடுவில் கறுப்பு. முகாமில் அவனைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "இதை வச்சுக்கிட்டு முதுகுல ஊசி போட்டா கிருமி உள்ள போயிடும். முதல்ல இந்தப் புண் ஆறட்டும். தண்டுவட அடியில பலபேர் உயிரை வாங்குறது இந்தப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான்" என்றார். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். சித்தி ராத்திரியில் போனில் அலாரம் வைத்து அதைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள், ஆனால் பஞ்சு மெத்தையில்.

சரி, அந்தப் பணத்தை எடுத்தேன். காற்று மெத்தை வாங்கினோம். இடுப்பு அகலம் அளந்து, குஷனோடு சக்கர நாற்காலி வாங்கினோம். கழிப்பறைக் கதவை அகலப்படுத்தினோம். வாசலில் 2 படி, ஒன்றேகால் அடி உயரம். கொத்தனார் சாய்தளத்துக்கு 6 அடி போதும் என்றார். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபி பெண் விடவில்லை. ஓரடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும், இல்லாவிட்டால் அவனே தள்ளி ஏற முடியாது என்று நின்று அளந்து கொடுத்தார். 15 அடி வந்தது, முருங்கை மரத்தை வெட்ட வேண்டியதாயிற்று. 2021-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தைப் பற்றி ஊரில் பலருக்குத் தெரியவில்லை. உங்கள் வீட்டில் படுக்கையில் யாராவது இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் இன்றைக்கே பெயர் கொடுங்கள். காசு கிடையாது.

கைகளை ஊன்றி இடுப்பைத் தூக்கி, புட்டத்துக்கு ஓய்வு கொடுக்கிற பயிற்சியையும் அந்தப் பிசியோதெரபி பெண்தான் கற்றுக்கொடுத்தார். முதல் நாள் தம்பிக்கு 3 தடவைக்கு மேல் முடியவில்லை. நான் கிளம்புகிற அன்று 20. புண்ணின் கறுப்பு போய் சிவப்புத் தசை தெரிந்தது. அன்று சாயங்காலம் சாய்தளத்தில் தானே இறங்கி, அறுவடை மெஷின் ஓடுகிற வயல் வரப்பு வரைக்கும் போய்விட்டான். "அண்ணே, சம்பா இந்த வருஷம் பரவால்ல" என்றான்.

முகாம்காரர்கள் இன்னும் போன் பண்ணிக்கொண்டிருக்கிறார்கள். மீதிப் பணம் வேலூருக்கு. பாகாயத்தில் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. விபத்தில் தண்டுவடம் அடிபட்டுச் சக்கர நாற்காலியிலேயே மருத்துவம் பார்த்த மேரி வர்கீஸ் 1966-ல் தொடங்கியது. புண் ஆறியதும் அங்கே போகிறோம். உடன் இருக்க நானே லீவு போட்டு வருகிறேன் என்று சித்தியிடம் சொல்லியிருக்கிறேன்.