பழைய டெக்னிக்ஸ் எஸ்எல்-1200எம்கே2: வாங்குவதற்கு முன் தட்டைத் தூக்கிப் பாருங்கள்

ஸ்டோர் ரூமில் வருடக்கணக்காகக் கிடந்த எல்பி இசைத்தட்டுகளை மறுபடியும் கேட்க ஆசைப்படுபவர்கள், சூட்கேஸ் வடிவில் வரும் மலிவுப் பிளேயர்களின் பக்கமே போக வேண்டாம். டெக்னிக்ஸின் பழைய எஸ்எல்-1200எம்கே2 டர்ன்டேபிள் (இசைத்தட்டுப் பிளேயர்) ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் அதுவே போதும். இதில் பெல்ட் கிடையாது. இசைத்தட்டை வைக்கும் சுழல் தட்டை மோட்டாரே நேரடியாகச் சுழற்றுகிறது, வேகத்தைக் குவார்ட்ஸ் படிகம் பார்த்துக்கொள்கிறது. உதிரிப் பாகங்களும் இன்னும் கிடைக்கின்றன. ஒரு குறை: நிமிடத்துக்கு 33⅓, 45 சுற்றுகள் என்ற வேகங்கள் மட்டும்தான். தாத்தா காலத்து 78 இசைத்தட்டுகளுக்கு இது உதவாது.

சிங்கப்பூரில் பலர் ஏமாறுவது மின்சாரத்தில். ஜப்பானில் விற்ற செட் 100 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். பிளக்கை மாற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள், அதனால் மூன்று முனை பிளக்கைப் பார்த்து நம்பாதீர்கள். பின்பக்க ஸ்டிக்கரில் வோல்ட் அளவைப் படியுங்கள். ஏற்றுமதி மாடல்கள் பலவற்றில் தட்டுக்கு அடியில் வோல்ட் மாற்றும் திருகு இருக்கும். இரண்டு துளைகளில் விரல்விட்டுத் தட்டைத் தூக்கினால் தெரியும். 100 வோல்ட் செட்தான் கிடைத்தது என்றால் 230-இலிருந்து 100-க்கு இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள், 50 வாட் தாராளம். 110 வோல்ட் தருவதைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வேண்டாம்.

டிஜேக்கள் அடித்துத் துவைத்த செட்களும் விற்பனைக்கு வரும். ஸ்ட்ரோப் விளக்கைப் போட்டு, பிட்ச் (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடர்) நடுவில் இருக்கும்போது சுழல் தட்டின் விளிம்பிலுள்ள பெரிய புள்ளிகள் அசையாமல் நிற்கின்றனவா என்று பாருங்கள். பிறகு ஸ்லைடரை மெதுவாக நகர்த்துங்கள். வேகம் துள்ளினால் உள்ளே அழுக்கு. கான்டாக்ட் கிளீனரில் சரியாகாவிட்டால் ஸ்லைடரையே மாற்ற வேண்டியிருக்கும். டோன் ஆர்மை (ஊசியைத் தாங்கும் கையை) நுனியில் பிடித்து லேசாக ஆட்டும்போது 'டிக்' என்று ஆட்டம் தெரிந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. அதை வாங்காதீர்கள். ஒரு பக்கம் சத்தம் வராததற்குப் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் டோன் ஆர்மின் நுனியில் ஊசியைப் பொருத்தும் ஹெட்ஷெல்லின் நான்கு பின்களில் கறுப்பு படிந்திருக்கும், பென்சில் ரப்பரால் தேய்த்தால் போதும்.

பழைய ஊசியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஊசியோடு வரும் ஆடியோ டெக்னிகா விஎம்95இ கார்ட்ரிட்ஜைப் பொருத்தினால் ஊசி இசைத்தட்டில் அழுத்தும் எடையை 2 கிராமாக வையுங்கள்; ஊசி முனையிலிருந்து ஹெட்ஷெல் பின் வளையம் வரை 52 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். புது ஆம்ப்ளிஃபயரில் ஃபோனோ இணைப்பு இல்லாவிட்டால் தனியாக ஃபோனோ பிரீஆம்ப் (ஊசியின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் கருவி) வேண்டும். நேரே ஆக்ஸில் செருகினால் பேஸ் இல்லாமல் கொசு பாடுவது போலக் கேட்கும். எர்த் ஒயரை மாட்ட மறந்தால் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் நிற்காது.

இனி இசைத்தட்டுகள். வீவக வீட்டின் பாம் ஷெல்ட்டரில் காற்றோட்டம் குறைவு, நம் ஊர் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சை நிச்சயம். காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, மைக்ரோஃபைபர் துணியால் பள்ளங்களின் போக்கிலேயே துடைத்து, வெறும் நீரால் இன்னொரு தடவை துடையுங்கள். நடு லேபிள் நனையக் கூடாது. பூஞ்சை ஏறிய உள்ளுறையை மறுபடியும் பயன்படுத்தினால் ஒரு மாதத்தில் பழைய கதைதான். மென்மையான பிவிசி மேலுறைகளையும் கழற்றிவிடுங்கள், நாளடைவில் அவை இசைத்தட்டின்மேல் மங்கலான படலத்தை விட்டுவிடும். எந்தத் துணிக்கும் அது போகாது.