"பங்குகள் சும்மாதானே கிடக்கின்றன?" என்று கேட்கும் மேனேஜர்களிடம் எச்சரிக்கை

புரோக்கர் நிறுவனத்திலிருந்து ரிலேஷன்ஷிப் மேனேஜர் ஒருவர் அழைத்து, "சார், உங்கள் டிமேட் கணக்கில் பங்குகள் சும்மாதானே கிடக்கின்றன? அவற்றை அடமானம் வைத்து ஃபியூச்சர்ஸ் செய்யலாமே, கையிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போட வேண்டாம்" என்றால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். ஃபியூச்சர்ஸ் என்பது ஒரு பங்கையோ டாலரையோ பின்னொரு தேதியில் இன்ன விலைக்கு வாங்கவோ விற்கவோ இன்றே போடும் ஒப்பந்தம். என்னிடம் இப்படித்தான் ஆரம்பித்தார்கள். புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை.

"ஒரு லட்சம்தான் சார் முதலீடு, ஐந்து லட்சத்துக்கு உண்டான லாபம்" என்றார். ஐந்து லட்சத்துக்கு உண்டான நஷ்டமும் வரும் என்பதை மட்டும் சொல்லவில்லை. ஒரு பங்கு 800 ரூபாய், ஒரு லாட் (ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச அளவு) 700 பங்குகள் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்த மதிப்பு 5,60,000 ரூபாய். மார்ஜின் 20 சதவீதம் என்றால் 1,12,000. இது பங்குக்குக் கொடுக்கும் விலை அல்ல, நஷ்டம் வந்தால் பிடித்துக்கொள்வதற்கான பிணை. விலை 4 சதவீதம் இறங்கினால் அன்றைய கணக்கிலேயே 22,400 ரூபாய் கழிந்துவிடும். பங்காகவே வாங்கியிருந்தால் விலை திரும்பும்வரை பொறுத்திருக்கலாம். ஃபியூச்சர்ஸில் நஷ்டத்தை அன்றன்றைக்குத் தீர்த்தாக வேண்டும்.

அதுவும் ரொக்கமாக! அடமானப் பங்குகள் மார்ஜினுக்குத்தான் உதவும், தினசரி நஷ்டத்துக்கு உதவாது. மார்ஜினிலும் பாதி ரொக்கமாகவோ அதற்கு இணையாகவோ இருக்க வேண்டும். குறைந்தால் புரோக்கர் தன் பணத்தைப் போட்டு நம்மிடம் வட்டி வாங்குவார். "ஒரு ரூபாய்கூட வேண்டாம்" என்ற பேச்சின் லட்சணம் இதுதான்.

இதைவிட மோசம், நான் சொல்லாமலே நடந்த வியாபாரங்கள். அன்றைய வியாபாரங்களைப் பட்டியலிட்டு இரவு மின்னஞ்சலில் வரும் ஒப்பந்தக் குறிப்பில் எனக்குத் தெரியாத லாட்டுகள் இருந்தன. கேட்டதற்கு, "மார்க்கெட் வேகமாகப் போய்விட்டது, உங்கள் நல்லதுக்குத்தான் செய்தேன்" என்றார். மாதக் கடைசியில், கெடு முடியவிருந்த ஒப்பந்தத்தை விற்று, அடுத்த மாதத்துக்கு வாங்கிப்போட்டார். விற்றதற்கு ஒரு தரகு, வாங்கியதற்கு ஒரு தரகு. நஷ்டம் எனக்கு, தரகு அவர்களுக்கு. தனிப்பங்கு ஃபியூச்சர்ஸை முடிக்காமல் விட்டால் முழுப்பணம் கட்டிப் பங்குகளை டெலிவரி எடுக்க வேண்டும் என்பது 2019 அக்டோபரிலிருந்து எல்லாப் பங்குகளுக்கும் உள்ள விதி. கடைசி வாரத்தில்தான் அதைச் சொன்னார், மிரட்டலாக.

திருப்பூரில் டாலர் வரவுக்குக் காத்திருக்கும் ஏற்றுமதியாளருக்கு, டாலர் விலை இறங்கினால் கரன்சி ஃபியூச்சர்ஸ் ஒரு காப்பு, அதை நான் குறை சொல்லவில்லை. மாதச் சம்பளக்காரரிடம் அதே சரக்கை 'கூடுதல் வருமானம்' என்று விற்பதுதான் அயோக்கியத்தனம். ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் (வாங்கவோ விற்கவோ உரிமை மட்டும் தரும் ஒப்பந்தம்) இரண்டிலும் சேர்த்து, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாகப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்டது. மேனேஜருக்கு இது தெரியாமல் இருந்திருக்குமா?

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் தொலைபேசியில் சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். வாடிக்கையாளர் ஆர்டர் கொடுத்ததற்கு ஆதாரம் வைத்துக்கொண்டுதான் புரோக்கர் வியாபாரம் செய்ய வேண்டும், தகராறு வந்தால் நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையது என்று செபி 2018 மார்ச்சில் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஒவ்வொரு வியாபாரத்தையும் தேதியோடு குறிப்பிட்டு, என் குரல் பதிவைத் தரும்படி மின்னஞ்சலில் கேட்டேன். பதிவு வரவில்லை. கிளை மேலாளர்தான் அழைத்தார். தரகை மட்டும் திருப்பித் தருகிறோம், புகாரை விடுங்கள் என்றார். மறுத்துவிட்டு செபியின் ஸ்கோர்ஸ் என்ற புகார்த் தளத்தில் பதிந்தேன். அங்கே நிறுவனம் 21 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். இன்னும் தரவில்லை, கெடு முடியவும் இல்லை.