அமெரிக்கச் சிறுவர்களுக்கு இங்கிலாந்துப் பயிற்சி: மூன்று வழிகளில் எது தேறும்?

இங்கிலாந்தின் பெரிய கால்பந்து கிளப்புகளுக்கு அமெரிக்கா மேல் எப்போதும் ஒரு கண். அங்கே பணம் இருக்கிறது, ரசிகர்கள் பெருகிக்கொண்டே போகிறார்கள், பல கிளப்புகளின் முதலாளிகளே அமெரிக்கர்கள். ஆனால் சிறுவர் பயிற்சி என்று இறங்கும்போது எல்லோரும் ஒரே வழியில் போவதில்லை. பெயரையும் பாடத்திட்டத்தையும் உள்ளூர் கிளப்புக்குக் கொடுப்பது ஒரு வழி. அங்கேயே சொந்தமாக ஒரு கிளப் நடத்துவது இன்னொன்று. உள்ளூர்க்காரர்களோடு கூட்டு சேர்வது மூன்றாவது. விளையாடப் போகும் பிள்ளையின் பக்கம் நின்று இந்த மூன்றையும் பார்க்கலாம்.

அதற்கு முன் ஒரு விதியைச் சொல்லிவிட வேண்டும். 18 வயது ஆகாத வீரரை வேறு நாட்டுக் கிளப் பதிவு செய்ய ஃபிஃபா பொதுவாக அனுமதிப்பதில்லை. பெற்றோர் கால்பந்து அல்லாத காரணத்துக்காகக் குடிபெயர்வது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 வயதிலேயே மாறலாம். அமெரிக்க வீரர் கிறிஸ்டியன் புலிசிக் பென்சில்வேனியாவிலிருந்து 16 வயதில் ஜெர்மனியின் டோர்ட்மண்ட் கிளப்புக்குப் போக முடிந்தது, தாத்தா வழியில் குரோஷியக் குடியுரிமை கிடைத்ததால்தான். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு இங்கிலாந்துக்கு அந்தக் கதவும் மூடிவிட்டது. ஆக, ஒஹையோவில் பிறந்த 14 வயதுப் பையன் எவ்வளவு நன்றாக ஆடினாலும், லிவர்பூல் அவனை நினைத்த மாத்திரத்தில் கூட்டிக்கொண்டு போக முடியாது. 18 வரை அவன் வளர வேண்டிய இடம் அமெரிக்காதான்.

இப்போது முதல் வழி. லிவர்பூலின் சர்வதேச அகாடமி மிச்சிகன் போன்ற மாநிலங்களில் இப்படித்தான் இயங்குகிறது. ஜெர்சியில் லிவர்பூல் பறவை, பயிற்சியில் லிவர்பூல் முறை. பந்தை வாங்கும் முன்பே தோளுக்கு மேல் ஒருமுறை திரும்பிப் பார்ப்பது, பந்து பறிபோன அடுத்த நொடியே அதை மீட்கப் பாய்வது போன்ற பழக்கங்களைச் சின்ன வயதிலேயே ஊட்டுகிறார்கள். பயிற்சியின் தரத்தில் நான் குறை சொல்ல மாட்டேன். என் மனம் ஒப்பாதது கட்டணம். லிவர்பூல் பக்கத்திலுள்ள கிர்க்பி அகாடமியில் தேர்வாகும் பையனின் வீட்டார் ஒரு பென்னிகூடக் கட்டுவதில்லை. டிரென்ட் அலெக்சாண்டர்-அர்னால்டும் கர்ட்டிஸ் ஜோன்ஸும் அப்படி வளர்ந்தவர்கள். அதே சின்னம் அமெரிக்காவுக்குப் போனதும் பெற்றோர் பணம் கட்டியாக வேண்டும். பதிவுக் கட்டணம், சீருடை, வெளிமாநிலப் போட்டிகளுக்கு விமானம், ஹோட்டல் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். பணம் கட்டினால்தான் ஆட்டம் என்பது அமெரிக்கச் சிறுவர் கால்பந்தின் பழைய நோய். இங்கிலாந்துச் சின்னம் அதைத் தீர்க்கவில்லை, அதன் மேலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. வசதியுள்ள குடும்பத்துக்கு இது நல்ல வகுப்பு. பிரீமியர் லீகுக்குப் போகும் படிக்கட்டு என்று நினைத்துச் சேர்த்தால் ஏமாற்றம்தான்.

இரண்டாவது வழிக்கு மான்செஸ்டர் சிட்டி. அதன் உரிமையாளர்கள் யாங்கீஸ் பேஸ்பால் நிறுவனத்தோடு சேர்ந்து 2013இல் நியூயார்க் சிட்டி எஃப்சியை அறிவித்தார்கள். அணி 2015இல் அமெரிக்காவின் முதல்நிலை லீகான எம்எல்எஸ்ஸில் ஆடத் தொடங்கியது. லீகில் நுழைய மட்டும் சுமார் 10 கோடி டாலர் ஆனது. இந்த வழி எனக்குப் பிடிப்பதற்குக் காரணம், அகாடமி இலவசம். ஜியோ ரெய்னாவும் ஜோ ஸ்காலியும் இங்கே வளர்ந்து ஜெர்மனி போனவர்கள். ஜேம்ஸ் சாண்ட்ஸ் இதே அகாடமியிலிருந்து முதல் அணிக்கு வந்து, 2021 எம்எல்எஸ் கோப்பையை வென்ற அணியில் ஆடினார். அதோடு நிற்காமல், மாநகராட்சியோடும் மற்றவர்களோடும் சேர்ந்து நியூயார்க் நகரின் பரோ எனப்படும் ஐந்து பகுதிகளிலும் 50 சிறு ஆடுகளங்கள் அமைத்தார்கள். பள்ளி விட்டதும் பையைச் சுவரோரம் போட்டுவிட்டு நாலு பேர் சேர்ந்து ஆடுகிற அளவுக்கான களங்கள். தேர்வுக்கு வராத பிள்ளைக்கும் பந்து உதைக்க இடம் கிடைத்தது. ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது: இந்த அகாடமியில் வளர்ந்த யாரும் மான்செஸ்டரில் முதல் அணியில் நிலைக்கவில்லை. எனக்கு அது குறையாகப் படவில்லை. நல்ல வீரர்கள் உருவானார்கள், அது போதும்.

மூன்றாவது வழியில் வெற்றியும் தோல்வியும் இருக்கின்றன, இரண்டிலும் ஒரே கிளப்பின் பெயர் அடிபடுகிறது. லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் 2006இல் அமெரிக்காவின் பால்டிமோரில் தன் பெயரிலேயே ஓர் அணிக்கு வழிவகுத்தது. கீழ்நிலை லீகுகளில் அந்த அணி ஆடிக்கொண்டிருந்தபோதே, 2010 ஜனவரியில் லண்டன் கிளப் கடனில் மூழ்கி, திவால் நிர்வாகியின் கைக்குப் போனது. பால்டிமோர் அணியும் அந்த ஆண்டோடு முடிந்தது. தாய்க் கிளப் தள்ளாடினால் கடல் தாண்டிய பிள்ளைதான் முதலில் விழும்.

ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் செய்தது வேறு. புதிதாக எதையும் கட்டாமல், ஏற்கெனவே பலமாக இருந்த எஃப்சி டல்லஸ் அகாடமியோடு 2018இல் ஒப்பந்தம் போட்டது. அலபாமாக்காரர் கிறிஸ் ரிச்சர்ட்ஸை டல்லஸ் முதலில் தேர்வில் கழித்துவிட்டது. அவர் ஹூஸ்டனில் ஆடிவிட்டுத் திரும்ப வந்து இடம் பிடித்தார். 18 வயதில் மியூனிக், 2022இல் கிரிஸ்டல் பேலஸ். 2025 மே மாதம் பேலஸ் மான்செஸ்டர் சிட்டியை வீழ்த்தி எஃப்ஏ கோப்பையை வென்றபோது தடுப்பாட்டத்தில் அவர் இருந்தார். பேலஸ் பால்டிமோரில் தேடியும் கிடைக்காத அமெரிக்கர், ஒரு ஜெர்மன் கிளப்பின் கூட்டு வழியாக வந்து சேர்ந்தார்.

என்னைக் கேட்டால், அருகில் இலவச எம்எல்எஸ் அகாடமி இருந்து, பையன் அங்கே தேறினால் வேறு எந்தச் சின்னத்தையும் பார்க்க வேண்டாம். இல்லையென்றால் கட்டண கிளப்தான். அப்போது சின்னத்தை விட்டுவிட்டு, வாரம் முழுக்கப் பயிற்சி தரும் கோச் யார், கட்டண உதவி உண்டா, போன வருடம் 17 வயதில் இருந்தவர்கள் இப்போது எங்கே ஆடுகிறார்கள் என்று கேளுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கே தலைகீழ். இங்கிலாந்து வீராங்கனைகள் லூசி புரோன்ஸ், அலெசியா ரூசோ, லாட்டி வுபன்-மோய் மூவரும் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்கு, வட கரோலினா பல்கலைக்கழகத்துக்கு ஆடப் போனவர்கள்.