ஐட்லிங் தடுமாறும் பழைய கார்: முதலில் ஸ்கேனரா, வேக்கூம் கேஜா?

வண்டி நின்று, என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்போது (அதுதான் ஐட்லிங்) ஸ்டீயரிங் நடுங்குகிறது. சைலன்சர் வாயில் சீராக வரவேண்டிய சத்தம் விட்டுவிட்டு வருகிறது. செக் என்ஜின் விளக்கு எரிகிறது. இருபது வயதான என் பெட்ரோல் கார் இப்படி ஆனபோது, வண்டியின் கம்ப்யூட்டர் சொல்வதைப் படிக்கும் ஸ்கேனர், என்ஜின் காற்றை இழுக்கும் உறிஞ்சலை அளக்கும் வேக்கூம் கேஜ் இரண்டையும் வைத்துப் பார்த்தேன். கடைசியில் கேஜ் பக்கம் சாய்ந்துவிட்டேன். ஸ்கேனர் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் எதைக் கையில் எடுப்பது என்பதுதான் கேள்வி.

பிளக், காயில், சென்சார் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் மூன்றாவது வழியும் உண்டு. அப்படி ஒரு ஆக்சிஜன் சென்சாரை மாற்றினேன், ஒன்றும் தீரவில்லை. அந்த வழியைப் பற்றி இதற்கு மேல் பேசத் தேவையில்லை.

ஸ்கேனரின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எந்த சிலிண்டரில் மிஸ் அடிக்கிறது (பெட்ரோல் சரியாக எரியாமல் தவறுகிறது) என்பதை பி0301, பி0302 என்று எண்ணோடு காட்டும். என்ஜின் சூடேறிய பிறகும் கூலன்ட் சென்சார் 'இன்னும் குளிராக இருக்கிறது' என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தால், அதை நேரலையில் பிடித்துவிடலாம். ஃபியூயல் ட்ரிம்மையும் காட்டும். கம்ப்யூட்டர் வழக்கமான அளவைவிட எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு அது. பத்து சதவீதத்துக்குள் ஏறி இறங்கினால் பொதுவாகக் கவலையில்லை. ஆனால் ஸ்கேனரைச் செருகும் பொதுவான இணைப்பான ஓபிடி-2 போர்ட் இருந்தால்தான் இதெல்லாம் எளிது. அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்தும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 வாக்கிலும்தான் அது கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டியில் சாதாரண ஸ்கேனரைச் செருகவே இடம் இருக்காது.

வேக்கூம் கேஜில் மின்சாரமும் இல்லை, மென்பொருளும் இல்லை. ஒரு முள், ஒரு ரப்பர் ஓஸ், அவ்வளவுதான். த்ராட்டிலுக்கு (உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் தகடு) பின்னால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிபோல்டிலிருந்து வரும் ஏதாவது ஒரு சிறிய குழாயில் அதைச் செருகவேண்டும். என்ஜின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். கடல்மட்டத்தில், நல்ல நிலையில் உள்ள என்ஜின் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் பாதரசம் வரை காட்டும், முள் ஆடாமல் நிற்கும். உயரமான ஊரென்றால் ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஒரு அங்குலம் கழித்துக்கொள்ள வேண்டும். முள் தாழ்ந்து, ஆனால் அசையாமல் நின்றால் இன்டேக்கில் காற்று புகுகிறது, அல்லது இக்னிஷன் டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) பின்தங்கியிருக்கிறது. சீரான இடைவெளியில் 'டக் டக்' என்று கீழே விழுந்து எழுந்தால் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. ஐட்லிங்கில் படபடத்து, வேகம் கூட்டினால் அடங்கினால் வால்வு கைடு (வால்வின் தண்டு நகரும் குழல்) தேய்ந்திருக்கலாம். என்ஜினின் மூச்சையே அளக்கும் கருவி இது. நடுவில் சென்சார் என்ற தரகர் கிடையாது.

நான் கேஜ் பக்கம் சாய்ந்ததற்கு ஒரே காரணம்தான். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

என் வண்டியில் ஸ்கேனர் காட்டிய பிழைக் கோடுகள் (code) இரண்டு: பி0171, பி0420. முதலாவது 'கலவை மெலிந்திருக்கிறது' என்பது, அதாவது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. இரண்டாவது 'கேட்டலிடிக் கன்வெர்ட்டர் புகையைப் போதுமான அளவு சுத்தம் செய்யவில்லை' என்பது. ட்ரிம்மைப் பார்த்தால் ஐட்லிங்கில் 20 சதவீதத்துக்கு மேல், 2500 ஆர்பிஎம்மில் கிட்டத்தட்ட சரி. இதைப் பார்க்கும் யாரும் 'இன்டேக்கில் ஏர் எடுக்குது' என்றுதான் சொல்வார்கள். ஐட்லிங்கில் உள்ளே போகும் காற்றே குறைவு என்பதால், ஓட்டை வழியாகப் புகும் கொஞ்சக் காற்றும் கலவையைக் கெடுத்துவிடும். வேகம் கூட்டினால் அதன் பங்கு சிறுத்துவிடும்.

ஆனால் சிலிண்டர்களிலிருந்து புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிபோல்டில், ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் ஒரு கசிவு இருந்தாலும் ஸ்கேனரில் இதே படம்தான் வரும். புகை அழுத்தம் மாறாமல் வருவதில்லை, துடிப்பு துடிப்பாக வருகிறது. இரண்டு துடிப்புக்கு நடுவே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கீழே இறங்கும்போது, அந்த விரிசல் வழியாக வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படுகிறது. அதில் உள்ள ஆக்சிஜனை சென்சார் பார்த்து 'மெலிவு' என்று சொல்கிறது. கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டுகிறது. உண்மையில் மெலியாத கலவை இப்போது கொழுத்துவிடுகிறது. பிளக் கறுக்கிறது, புகையில் பெட்ரோல் வாடை அடிக்கிறது, ஐட்லிங் தடுமாறுகிறது. வேகம் கூடினால் புகையின் அளவு பெருகி அந்தக் காற்றின் பங்கு குறைகிறது, ட்ரிம்மும் சரியாகிறது. கோளாறு என்ஜினின் இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்பதை ஸ்கேனரால் பிரிக்க முடியாது.

கேஜ் பிரித்துவிடும். இன்டேக் ஓட்டை முள்ளைக் கீழே இழுக்கும். எக்ஸாஸ்ட் கசிவு முள்ளைப் பெரிதாகத் தொடாது.

என் வண்டியில் இரண்டுமே இருந்தன என்பதுதான் சிக்கல். முதலில் முள் 15-இல் நின்றது. தேடினால் கிரேங்க்கேஸிலிருந்து (என்ஜினின் அடிப்பெட்டி) மேனிபோல்டுக்குப் போகும் ஓஸ், வளைவில் கல்போல இறுகி அடிப்பக்கம் கீறியிருந்தது. மாற்றினேன். முள் 19-க்கு ஏறி ஆடாமல் நின்றது. ஆனால் ட்ரிம் 14 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை, பிளக்கும் கறுப்பாகவே இருந்தது. ஸ்கேனரை மட்டும் வைத்திருந்தால் இன்னொரு இன்டேக் ஓட்டையைத் தேடி நாள் கணக்கில் அலைந்திருப்பேன். முள் சரி, ட்ரிம் தப்பு என்றால் மெலிவே பொய்யாக இருக்கலாம் என்று எக்ஸாஸ்ட் பக்கம் திரும்பினேன். (பெட்ரோல் பம்போ ஃபில்டரோ பலவீனமானாலும் ட்ரிம் ஏறும். ஆனால் அப்போது அதிக வேகத்தில்தான் மோசமாகும், பிளக்கும் கறுக்காது.)

கசிவைக் கண்டுபிடிக்க, என்ஜின் முழுக்க ஆறிய பிறகு, வேக்கூம் கிளீனரின் காற்று வெளிவரும் வாயைச் சைலன்சர் முனையில் வைத்து ஊதவிட்டு, மேனிபோல்டு இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தேன். ஓரத்தில் உள்ள போர்ட்டின் பேக்கிங்கில் (இணைப்பு கசியாமல் இடையில் வைக்கும் தகடு) நுரை கிளம்பியது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் கேட்டு, சூடேறியதும் மறைந்துபோகும் 'டிக் டிக்' சத்தத்தை அதுவரை வால்வை இயக்கும் டேப்பெட்டின் சத்தம் என்றே நினைத்திருந்தேன். இரும்பு விரிந்து இடைவெளியை அடைத்ததால்தான் அது மறைந்திருக்கிறது.

கன்வெர்ட்டர் அடைப்பிலும் கேஜுக்குத்தான் என் ஓட்டு. பி0420-ஐப் பார்த்ததும் 'கன்வெர்ட்டரை மாற்றிவிடலாம்' என்று ஒரு மெக்கானிக் சொன்னார். அந்தக் கோடு அடைப்பைப் பற்றி எதுவும் சொல்வதில்லை, எக்ஸாஸ்ட் கசிவாலும் அது வரலாம். 2500 ஆர்பிஎம்மில் ஒரு நிமிடம் பிடித்து முள்ளைப் பார்த்தால் போதும். முதலில் சரிந்து, பிறகு ஐட்லிங் அளவுக்கோ அதற்கு மேலோ வந்து நின்றால் வழி திறந்திருக்கிறது. மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் புகை வெளியேற முடியாமல் திணறுகிறது. என் வண்டியில் 20-இல் நின்றது. இந்தச் சோதனையைத் திறந்தவெளியில் மட்டும் செய்யுங்கள். மூடிய ஷெட்டில் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

கேஜ் கைவிடும் இடங்களும் உண்டு. த்ராட்டில் தகடு இல்லாத டீசல் என்ஜின்களில் அளக்க வேக்கூமே இருக்காது. ஐட்லிங்கைத் தானே சரிசெய்யும் மோட்டார், சின்ன ஓட்டைகளை ஓரளவு மறைத்துவிடும். ஒரு காயில் பலவீனமானால் முள் எப்போதாவது சொடுக்கும், எந்த சிலிண்டர் என்று சொல்லாது. அதற்கு ஸ்கேனர்தான். என் வண்டியில் இருப்பது, உள்ளே போகும் காற்றின் அளவை அளக்கும் காற்றோட்ட சென்சார். மேனிபோல்டு அழுத்த சென்சார் உள்ள என்ஜின்களில் இன்டேக் ஓட்டை ட்ரிம்மை இந்த அளவுக்கு உயர்த்தாமல், ஐட்லிங்கை ஏற்றிவிடுவதும் உண்டு. அப்படிப்பட்ட ஒரே ஒரு வண்டியில்தான் இதைச் செய்து பார்த்திருக்கிறேன், அதனால் அங்கே இவ்வளவு உறுதியாகப் பேசமாட்டேன்.

மேனிபோல்டு பேக்கிங் மாற்றும்போது துருப்பிடித்த ஸ்டட் ஒன்று உடைந்து, அதைத் துளைத்தெடுக்கவே அரை நாள் போனது. மாட்டி முடித்ததும் ட்ரிம் 3 சதவீதம், முள் 19. பழைய கன்வெர்ட்டர் அப்படியேதான் இருக்கிறது. ஏழு மாதமாகிறது, பி0420 திரும்ப வரவில்லை.