கோத்தகிரியில் காய்கறிக் கழிவுக்கு உர டிரம்மா, பயோகேஸா?

காற்றுப் புகாமல் புதைத்த குப்பை மீத்தேனை விடும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு சூடேற்றும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 1999-ல் சட்டம் போட்டு, புதைகுழிக்குப் போகும் மக்கும் குப்பையை 1995-ல் இருந்ததில் 35 சதவீதத்துக்குள் கொண்டுவரச் சொன்னது. அங்கே குப்பையால் வரும் வாயு 1990-களுக்குப் பிறகு நன்றாகவே இறங்கியது. சரி, நம் வீட்டுக் கேரட் தோலுக்கு வருவோம். டிரம்மில் காற்றோடு மக்கவிட்டால் உரம்; பயோகேஸ் கலனில் காற்றில்லாமல் நொதிக்கவிட்டால் அந்த மீத்தேனே அடுப்பை எரிக்கும்.

செலவு: டிரம் என்றால் ஓட்டை போட்ட பழைய டிரம் போதும். பயோகேஸுக்குப் பல ஆயிரம்.

குளிர்: இங்கேதான் சிக்கல். மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிருக்கு 35 டிகிரி சுகம். 15-க்குக் கீழே போனால் சோம்பிவிடும். போன மார்கழியில் எங்கள் பயோகேஸ் அடுப்பில் ஒரு டம்ளர் டீ கொதிக்கவில்லை. பக்கத்து டிரம்மில் கை விட்டால் நடுவில் கதகதப்பு!

மழை: மூடாத டிரம் சேறாகி நாறும், அப்புறம் அதுவும் மீத்தேன்தான். சில்வர் ஓக் சருகைத் தாராளமாகப் போட்டுக் கிளறுங்கள்.

கரடி: பலாத்தோல் வாசனைக்கு வந்துவிடும். இதில் பயோகேஸ் மேல்.

மாடும், நாளெல்லாம் வெயில் படும் முற்றமும் உள்ளவர்களுக்கு பயோகேஸ். மற்றவர்களுக்கு, இறுக்கமான மூடியோடு டிரம்.